பாப்பா தூங்கக் கூடாது

ஆசாரி ஊசியைக் கையில் எடுத்த நேரத்தில்தான் மைக் கத்தியது.

மைக் செட் தொழிலில் இருக்கும் எனக்கு அது பழகிய சத்தம். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே யாராவது மைக்கைக் கொண்டுபோய் நீட்டினால், தன் சத்தத்தைத் தானே திரும்ப வாங்கிக் காதைக் கிழிக்கும். அன்று சிறுவாச்சூரில், கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில், என் தங்கை செல்வியின் கணவர் ராஜேந்திரன், "எல்லாரும் இருந்து சாப்புட்டுத்தான் போவணும்" என்று சொல்வதற்காக மைக்கை எடுத்தவர், நேராகப் பெட்டி ஸ்பீக்கர் முன்னால் போய் நின்றுவிட்டார்.

மண்டபமே கூசிப்போனது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எங்கோ ஒரு கைக்குழந்தை வீறிட்டது. ஆசாரி ஊசியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "யாருய்யா அது, குத்துற நேரத்துல" என்று கத்தினார்.

தாய்மாமன் என்பதால் என் மடியில்தான் குழந்தை இருந்தது. செல்வியின் மகள் கனிஷ்கா. ஒன்றரை வயது. மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் என் தாடையில் சில்லென்று ஒட்டியது. அவள் வயிற்றைச் சுற்றி என் இரண்டு கைகளும் கோத்திருந்தன.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சின்ன உடம்பில் ஓர் அசைவும் இல்லை. மூச்சுகூட மாறவில்லை. பலூன் நூலை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

அடுத்த நொடி ஆசாரி குத்தினார். தெரு முழுக்கக் கேட்க அழுதாள். "தொண்டையப் பாரு, மாமனோட ஆம்ப்ளிஃபயர முழுங்கிட்டா" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்தபடி நிமிர்ந்தபோது, கூட்டத்துக்குப் பின்னால் என் மகள் அபி சிரிக்காமல் நின்றிருந்தாள். அவள் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையைச் சுற்றியிருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காது படிப்பு

அபியைப் பற்றி இந்தத் தொடரில் அங்கங்கே சொல்லியிருக்கிறேன். இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்காக மறுபடி சொல்லிவிடுகிறேன்.

அவள் படித்தது ஆடியாலஜி. காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து பார்த்து, கேட்காதவர்களுக்கு மிஷின் பொருத்தி, குழந்தைகளாக இருந்தால் பேசவும் பழக்குகிற படிப்பு. அந்தச் சமயம் பாடமெல்லாம் முடிந்து, பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கடைசி வருஷப் பயிற்சியில் இருந்தாள்.

அந்தச் சொல் என் வாய்க்குள் புரள வெகுநாள் ஆயிற்று. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கல்யாண வீடுகளில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருக்கும்போது சொந்தக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

"பொண்ணு என்ன படிக்குது? டாக்டருக்கா?"

"இல்லீங்க."

"நர்ஸா?"

"இல்லீங்க."

"அப்பறம்?"

"காது கேக்குதான்னு பாக்குற படிப்புங்க."

"அதான் பேரச் சொல்லிக் கூப்புட்டாத் தெரிஞ்சுடுமே. அதுக்குப் போயி இத்தினி வருசமா?"

 ஒயரை இழுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவேன். உடையார்பாளையம் சுற்றுவட்டாரத்தில் என் மைக்கில் பேசாத ஆள் கிடையாது. நான் மட்டும்தான் பேசியதில்லை. மைக்கை விரலால் தட்டிப் பார்ப்பேன், ஒரு 'ஹலோ' சொல்வேன், அதோடு சரி. அந்த ஒரு ஹலோவுக்கே முகம் சூடாகிவிடும்.

அபிக்கு இந்தப் படிப்பில் ஏன் ஆசை வந்தது என்று தெரியவில்லை. நர்சிங் போகச் சொன்னார்கள், டீச்சருக்குப் போகச் சொன்னார்கள். கவுன்சலிங் அன்று காலேஜ் பேர்களை ஓட்டிக்கொண்டே வந்தவள் இதில் விரலை வைத்து, "இதுப்பா" என்றாள். அவ்வளவுதான். முதல் லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது, என் ஆம்ப்ளிஃபயரின் திருகில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டாள். "இதுக்கு மேல திருப்பக் கூடாதுப்பா. சொல்லிட்டேன்." கோயில் கமிட்டிக்காரர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, உன் பொண்ணு படிச்சு உன் தொழிலுக்கே உலை வைக்கிறா" என்று கிண்டல் பண்ணினார்கள்.

சவுண்டு சர்வீஸ் மருமகள்

கனிஷ்கா வருஷக்கணக்கில் காத்திருந்து பிறந்த குழந்தை. செல்வி ஏறாத கோயில் இல்லை. ராஜேந்திரனுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் கொஞ்சம் நெல்லும் முந்திரியும். நல்ல மனிதர். ஆனால் அவர் வீட்டில் எது நடந்தாலும் அவருடைய அக்கா வசந்தாவின் வாயைத் தாண்டித்தான் நடக்கும். வசந்தா அக்காவைக் கட்டிக்கொடுத்ததும் அதே தெருவில்தான்.

செல்வி டவுனுக்கு வரும்போதெல்லாம் குழந்தையை என் குடோனில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவாள். நான் பழுது பார்த்த ஸ்பீக்கரை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் கோணிச்சாக்கின் மேல் அவள் பாட்டுக்குத் தூங்குவாள். ஸ்பீக்கர் அதிர்வில் டம்ளரில் இருக்கும் தண்ணீரே நடுங்கும். அவள் இமை நடுங்காது.

எங்களுக்கு அது பெருமை. "எந்தச் சத்தத்துக்கும் எந்திரிக்காதுங்க, தங்கமான புள்ள" என்று செல்வி எல்லோரிடமும் சொல்வாள். "மாமன் தொழிலு ரத்தத்துல ஊறிக் கெடக்கு" என்பார்கள். சவுண்டு சர்வீஸ் மருமகள் என்றே அவளுக்குப் பேர் வைத்துவிட்டோம். வேறு வீடாக இருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

காதுகுத்து முடிந்து திரும்பும்போது, வேனின் பின்பக்கம் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் நானும் அபியும் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

"அப்பா, மைக்கு கத்துனப்ப பாப்பாவுக்குத் திடுக்குனு இருந்துச்சா?"

நான் ஒரு ஸ்பீக்கரின் கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

"உங்க மடியிலதான இருந்தா. உங்களுக்குத்தான் தெரியும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க ஒன்றுமில்லை. என் கைகளுக்கு அது தெரிந்தே இருந்தது. வாயால் சொன்னால் உண்மையாகிவிடுமோ என்றுதான் பயம்.

"இல்லம்மா" என்றேன்.

அபி ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்: "ஒன்றரை வயசாச்சுப்பா. அம்மான்னுகூட இன்னும் சொல்லல. பேச்சு காது வழியாத்தான் உள்ள போவும். இந்த வயச வுட்டுட்டா அப்பறம் எவ்வளவு பாடுபட்டாலும் பாதிதான் வரும். சீக்கிரம் பாக்கணும்."

தாம்பாளம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் ராஜேந்திரன் வீட்டுக்குப் போனோம். "தங்கச்சி வூட்டு விசயம், பாத்துப் பேசுங்க" என்று என் மனைவி சொல்லி அனுப்பினாள். பேசுவது நானா? அபிதான் பேசினாள். நிதானமாக, ஒரு வலிக்காத டெஸ்ட் இருக்கிறது, ஒரு தடவை பார்த்துவிட்டால் மனசு நிம்மதி என்று சொன்னாள்.

வசந்தா அக்கா எழுந்து உள்ளே போனார். பித்தளைத் தாம்பாளமும் கரண்டியுமாக வந்தார். முற்றத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பிளாஸ்டிக் கிண்ணத்தை உருட்டிக்கொண்டிருந்த குழந்தைக்குப் பின்னால் போய் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

கனிஷ்கா திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியா? பாத்தியா? எங்க வூட்டுப் புள்ளைக்கா காது கேக்காது?" வசந்தா அக்காவின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். ராஜேந்திரன் மூச்சை விட்டார். செல்வி ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி முத்தமிட்டாள். எனக்கும் உடம்பு லேசாகிப் போனது.

அபி மட்டும் அசையவில்லை. "பெரியம்மா, வெயிலு உங்க முதுகுப் பக்கம் இருக்கு. உங்க நெழலு பாப்பாவுக்கு முன்னாடி வுழுந்துச்சு. அதோட நாங்க எல்லாரும் உங்களையே பாத்தோம், அவ எங்க கண்ணப் பாத்துட்டுத் திரும்புனா. இன்னொரு தடவ தட்டுங்க. கதவுக்கு அந்தாண்ட நின்னு. நாங்க யாரும் உங்களப் பாக்க மாட்டோம்."

குழந்தையை மறுபடி கீழே விட்டார்கள். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கதவுக்குப் பின்னால் தாம்பாளம் ஒலித்தது. தெருவில் போனவர் எட்டிப் பார்த்தார். கிண்ணம் உருண்டுகொண்டே இருந்தது.

"வெளையாட்டு நெனப்புல இருக்கா" என்றார் வசந்தா அக்கா. மறுபடி தட்டினார். பிறகு யாரும் சொல்லாமலே இன்னொரு முறை, கோபத்தோடு, கரண்டி வளையும்படி தட்டினார்.

கனிஷ்கா கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

ராஜேந்திரன் குறுக்கே வந்தார். "எங்க சித்தப்பா மூணு வயசு வரைக்கும் வாயே தொறக்கலயாம். இன்னிக்கு அவரு மைக்கப் புடிச்சா வுட மாட்டேங்குறாரு. மச்சானுக்கே தெரியும்."

வசந்தா அக்கா அபியிடம் திரும்பினார். "ஏண்டி, உன் படிப்பப் பழகிக்க எங்க புள்ளதான் கெடச்சுதா? காதப் பத்திப் படிச்சவ கண்ணுக்கு ஊருல இருக்குறவன் எல்லாம் செவிடாத்தான் தெரிவான்."

  செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "நீ கெளம்பு அபி. பஸ்ஸு போயிடும்" என்றாள். என் மகள் செருப்பைத் தேடிக் குனிந்தாள்.

"மாப்பிள்ள" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசுவேன் என்று அந்த வீட்டில் யாரும் நினைத்திருக்கவில்லை. 

"அன்னிக்கு மைக்கு கத்துனப்ப புள்ள என் மடியில இருந்துச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதுக்கு வயிறுகூட அசங்கல மாப்பிள்ள. நான் கையால புடிச்சிருந்தேன். எனக்குத் தெரியும். அபி சொல்லல, நான் சொல்றேன்."

அதற்கு மேல் வரவில்லை. ராஜேந்திரன் என் கைகளைப் பார்த்தார். வசந்தா அக்கா தாம்பாளத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது சரிந்து விழுந்து சுழன்று அடங்கியது.

செல்விதான் பேசினாள். கணவரிடம் இல்லை, அபியிடம். "எப்ப வரணும்?"

ராஜேந்திரன் உடனே சொன்னார்: "டெஸ்ட்டு மட்டுந்தான். வேற ஒண்ணும் அங்க பண்ணக் கூடாது. என்னன்னு எனக்குப் போனு போட்டுச் சொல்லணும். ஒரே தடவ. அதுக்கு மேல என் புள்ளயத் தூக்கிக்கிட்டு அலைய வுட மாட்டேன்."

அரியலூர் பஸ்

இந்த டெஸ்ட்டுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். தலையில் ஒயர்களை ஒட்டி, காதில் சத்தத்தைக் கொடுத்து, அந்தச் சத்தம் மூளைவரை போகிறதா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். கண்ணைச் சிமிட்டினால்கூடக் கோடு கலைந்துவிடும். அதனால் அங்கே போய்ச் சேரும்வரை தூங்கவே விடக் கூடாது.

அபி போனில் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "ராத்திரி லேட்டாத் தூங்க வைங்க. விடியறதுக்கு முன்னாடி எழுப்பிடுங்க. பால் குடுக்காதீங்க, இங்க வந்து குடுக்கலாம். பஸ்ல ஒரு குட்டித் தூக்கம் போட்டாலும் அன்னிக்கு டெஸ்ட்டு அவ்ளோதான்."

செல்வி முதல் நாளே குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். காலையில் உடையார்பாளையத்தில் பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் செல்வி, மடியில் கனிஷ்கா. ஊர் எல்லை தாண்டவில்லை, குழந்தையின் தலை சரிந்தது.

"கனி! ஏய் கனிக்குட்டி! இங்க பாரு!" செல்வி கையைத் தட்டினாள். கிலுகிலுப்பையைக் காதுகிட்டே ஆட்டினாள். போனில் பாட்டுப் போட்டாள். பக்கத்து சீட்டு அம்மாள் நாக்கைச் சொடுக்கினார். கண்டக்டர் தலைக்கு மேலே விசில் ஊதினார்.

தலை இன்னும் சரிந்தது.

செல்வி மறுபடி கூப்பிட வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டாள். எங்களிடம் இருந்த வித்தையெல்லாம் சத்தம்தான் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை.

குழந்தையை வாங்கிக்கொண்டு எழுந்தேன். டிரைவருக்குப் பக்கத்தில் போய் முன்கண்ணாடியைக் காட்டினேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வெள்ளைப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எதிரே வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் கையை நீட்டி விரல்களை மடக்கினாள். லாரி வராத நேரத்தில் இமை இறங்கியது. துண்டை என் தலையில் போட்டு மூடித் திறந்தேன். நாக்கை நீட்டினேன். கண்ணை உருட்டினேன். ஹலோ சொல்லவே கூசுகிற நான், ஒரு பஸ் நிறைய ஜனங்களுக்கு எதிரே குரங்குபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றேன்.

"பெருசு, ஃப்ரீ ஷோவா? டிக்கெட்டு வாங்குன எங்களுக்கும் கொஞ்சம் காட்டு" என்றார் கண்டக்டர். பஸ் சிரித்தது. கனிஷ்காவும் சிரித்தாள். சிரிக்கும்வரை முழித்திருப்பாள். எனக்கு அது போதும்.

அரியலூர் ஸ்டாண்டில் பஸ் மாற நின்றபோது அவளுக்குத் தாங்க முடியவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு அலறினாள். நான் ஈரக் கைக்குட்டையால் அவள் உள்ளங்காலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பூ விற்கிற பெண் பொறுக்காமல், "ஏங்க, புள்ளய இப்புடி வதைக்குறீங்க? கண்ணு சொருவுது பாருங்க, தூங்கட்டுமே. என்ன மனுசங்க நீங்க" என்றாள்.

பெரம்பலூர் பஸ்ஸில் பாதி தூரத்தில் செல்வி உடைந்துவிட்டாள். "வுட்ருண்ணே. தூங்கட்டும். என்னால பாக்க முடியல. எது எப்படியோ போவுது, வுட்ருண்ணே."

"ஒரே தடவன்னு மாப்பிள்ள சொல்லியிருக்காரு செல்வி."

"கொடும பண்றீங்க அப்பனும் மவளும்!"

கையை நீட்டினாள். நான் குழந்தையைக் கொடுக்கவில்லை. கம்பியில் தோளை முட்டுக்கொடுத்து நின்றபடி, அந்த அழுகிற முகத்தைப் பார்த்துத் திரும்பவும் நாக்கை நீட்டினேன்.

துளை போட்ட சுவர்

அபி வெள்ளைக் கோட்டில் வாசலிலேயே நின்றிருந்தாள். "வாங்கம்மா, இப்படி உக்காருங்க" என்றாள்.

"என்னடி வாங்க போங்கன்னு" என்றாள் செல்வி. அபி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பழக்கத்தில் வந்துவிட்டது.

காது டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். குளிப்பாட்டும்போது ஊற்றிய எண்ணெயைத் துடைத்து எடுத்து, "இனிமே ஊத்தாதீங்கம்மா" என்றார். மற்றபடி காதில் அடைப்போ சீழோ இல்லை என்றார். அப்படி ஏதாவது இருந்திருக்கக் கூடாதா, அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடாதா என்று என் மனசு அந்த நேரத்தில் ஆசைப்பட்டது.

டெஸ்ட் எடுக்கும் அறையின் சுவரெல்லாம் துளைத் துளையாக இருந்தது. கதவு கனமாக வந்து மூடியதும் வெளி உலகம் நின்றுபோனது. வாழ்நாள் முழுக்க இரைச்சலில் கிடந்தவன் நான். அந்த அமைதியில் என் காதுக்குள் என் ரத்தம் ஓடுவது எனக்கே கேட்டது.

பால் பாட்டிலை வாயில் வைத்ததுமே கனிஷ்கா தூங்கிவிட்டாள். கட்டிலில் அவளை ஒட்டிச் செல்வி படுத்துக்கொண்டாள். அபி நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் பசையைத் தேய்த்து ஒயர்களை ஒட்டினாள். புதுத் தோட்டைச் சுற்றி இன்னும் சிவப்பு ஆறவில்லை. அதில் படாமல், சின்னக் குழாயைக் காதுக்குள் செருகினாள். அபிக்குப் பயிற்சி கொடுக்கும் மேடம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டார். "கை நடுங்குனா சொல்லு, நான் பாத்துக்கறேன்" என்றார் தணிந்த குரலில். அபி தலையசைத்தாள். கை நடுங்கவில்லை.

சத்தம் உள்ளே போனால் கோடு அலை அலையாக எழும்பும் என்று அபி எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். கோடு வந்தது. காற்றில்லாத ஏரித் தண்ணீர்போலக் கிடந்தது.

அபி ஒரு பட்டனைத் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினாள். சத்தத்தைக் கூட்டுகிறாள். அதற்கு யாரும் எனக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மைதானத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் நானும் அப்படித்தான் கூட்டுவேன்.

டக் டக் டக் டக் என்று மெல்லிய ஒலி ஒன்று எழுந்தது. முதலில் ஏதோ மிஷின் ஓடுகிறது என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. குழந்தையின் காதுக்குள் போகிற சத்தம் வெளியே கசிந்து, அறையின் மூலையில் இருந்த எனக்குக் கேட்கிறது.

செல்விக்கும் கேட்டது. அவள் தலை குழந்தையின் தலையோடு ஒட்டியிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். 'உனக்கும் கேக்குதாண்ணே?' என்று கேட்கிற பார்வை. நான் குனிந்துகொண்டேன்.

கனிஷ்கா வாயோரத்தில் பால் காய, நன்றாகத் தூங்கினாள்.

இரண்டு காதும் முடிந்தன. கோடு எழும்பவே இல்லை.

சொல்வது யார்

மேடம் எங்களைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார். பேச ஆரம்பித்தார். செல்வி கையை உயர்த்தினாள்.

"நீங்க வேணாம் மேடம். அவ சொல்லட்டும்." அபியைப் பார்த்தாள். "நீதான சந்தேகப்பட்ட. நீயே சொல்லு."

அபி நாற்காலியை இழுத்துப் போட்டுச் செல்விக்கு நேர் எதிரே முட்டி இடிக்கிற அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தாள். சொல்வதற்கு முன்னால் அவள் அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பதைப்பு.

"அத்தை, பாப்பாவுக்கு ரெண்டு காதும் கேக்கல. நாங்க குடுத்த பெரிய சத்தங்கூடப் போவல."

"கொஞ்சங்கூடவா?"

"அடியில கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். இந்த டெஸ்ட்டுல அது தெரியாது. மறுபடியும் ஒரு தடவ பாப்போம். ஆனா அதுக்காகச் சும்மா காத்திருக்கக் கூடாது. காதுக்கு மிஷின் மாட்டி, தினமும் பேசப் பழக்கணும். அது பத்தலன்னா ஆபரேஷன் இருக்கு. மிஷின் நிக்கறதுக்குக் காதுக்குள்ள ஒரு அச்சு வேணும். அந்த அளவ இன்னிக்கே எடுத்தா, செஞ்சு வர நாள் மிச்சம்."

செல்வி வெகுநேரம் தன் மடியில் தூங்குகிற முகத்தைப் பார்த்தாள்.

"நான் பேசுனது, பாடுனது, எதுவுமே இவளுக்குப் போவலயா அபி?"

மேடம் ஏதோ ஆறுதல் சொல்ல வந்தார். அபி முந்திக்கொண்டாள். "சத்தம் போவல அத்தை. உங்க மொகம் போயிருக்கு. அதான் உங்களப் பாத்தா மட்டும் அப்புடிச் சிரிக்கிறா."

செல்வி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அழுகை அடங்கிய பிறகு அவளே கணவருக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.  ராஜேந்திரனின் குரல் அறை முழுக்க வந்தது.

"சரி. கெளம்பி வா. அங்க எதையும் பண்ணிக்கிட்டு நிக்காத. அக்கா ஒரு வைத்தியரச் சொல்றாங்க, ஒரு வருசம் மருந்து குடுத்தாச் சரியாயிடுமாம். பொட்டப்புள்ள செல்வி. காதுல மிஷின மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா நாளைக்கு எவன் வந்து கேப்பான்? புரியுதா?"

"ம்" என்று சொல்லிப் போனை வைத்தாள். பால் பாட்டில் பையைத் தோளில் மாட்டினாள். எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அபியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கையிலிருந்த பேனாவை மூடியபடி இருந்தாள்.

"அச்சு எடுக்க எவ்ளோ நேரம் ஆவும்?" என்றாள் செல்வி.

"கொஞ்ச நேரந்தான். ஆனா மாமா வந்து..."

"எடு."

"அத்தை, நாளைக்கு உங்களுக்குத்தான் வூட்டுல..."

"எடுடின்னா."

அபி மேடத்தைப் பார்த்தாள். "அம்மா சொல்றாங்கல்ல. எடு" என்றார் மேடம்.

அபி பஞ்சு உருண்டையை நூலில் கட்டிக் காதுக்குள் தள்ளினாள். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இரண்டு மாவைச் சேர்த்து வேகமாகப் பிசைந்தாள். குழந்தை விழித்துக்கொண்டது. செல்வி அதன் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்தாள். மாவு இறுகும்வரை தலை அசையக் கூடாது, வாய் அசையக் கூடாது. அபி குழலில் மாவை அடைத்துக் காதுக்குள் மெல்ல மெல்ல அழுத்தினாள்.

பெஞ்சின் மேல் செல்வியின் போன் அடித்தது. திரையில் ராஜேந்திரன் படம். யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது.

பிறகு என் சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது.

தங்கையைக் கொடுத்த நாளிலிருந்து அவர் அழைத்து நான் எடுக்காமல் இருந்ததில்லை. அவர் பேச்சை மறுத்ததும் இல்லை. செல்வி என்னைப் பார்த்தாள். அவள் கைகள் குழந்தையின் தலையைவிட்டு நகரவில்லை. நான் போனைக் காதில் வைத்தேன்.

"மச்சான், எங்க இருக்கீங்க? பஸ்ஸு ஏறிட்டீங்களா?"

"இல்ல மாப்பிள்ள. பாப்பா காதுக்கு அச்சு எடுக்குறாங்க."

"என்னது? யாரக் கேட்டு..."

"புள்ள தலைய ஆட்டக் கூடாது மாப்பிள்ள. முடிஞ்சதும் நானே கூப்புடுறேன். வூட்டுக்கு வந்து உங்ககிட்டயும் அக்காகிட்டயும் நானே சொல்றேன்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பை நிறுத்தினேன். 

அபி இறுகிய மாவை விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, லேசாகத் திருகி வெளியே எடுத்தாள். விளக்குக்கு எதிரே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் காது நல்லா வந்துருக்கு" என்றாள். "அத்தை, அந்தப் பக்கம் திருப்புங்க."

செல்வி குழந்தையை மடியில் திருப்பிப் படுக்க வைத்தாள்.